பிள்ளைகள் பிழையில்லாமல் பேச, எழுத: வீட்டிலேயே 14 வழிகள்

என் மகன் மூன்றாம் வகுப்பில் எழுதிய கட்டுரையில், 'கண்ணுக்குட்டி பால் குடிச்சுது' என்று ஒரு வரி. ஆசிரியை சிவப்பு மையில் வட்டம் போட்டிருந்தார். "கவனமா எழுதக் கூடாதா?" என்று அதட்டினேன். "நாம அப்படித்தானேம்மா சொல்றோம்?" என்று கேட்டான். அவன் கவனமாகத்தான் எழுதியிருந்தான். காதில் விழுந்ததை அப்படியே எழுதியிருந்தான். அன்றிலிருந்து அவனுடைய பிழைகளைத் திட்டுவதை விட்டுவிட்டு, அவை எங்கிருந்து வருகின்றன என்று பார்க்கத் தொடங்கினேன். சில பிழைகள் காதைப் பழக்கினால் போகும், சில கண்ணைப் பழக்கினால் போகும். தினமும் பத்து நிமிடம் ஒதுக்க முடிந்தால் போதும்.

1. முதலில் பிழைகளைப் பிரியுங்கள்

பிள்ளையின் நோட்டில் கடைசிப் பத்துப் பக்கங்களைப் புரட்டி, பிழைகளைத் தனித்தாளில் எழுதுங்கள். ல, ள, ழ மாறியிருந்தால் உச்சரிப்பைக் கவனிக்க வேண்டும். அது காதுக்கும் நாக்குக்குமான வேலை. ர, ற மாறியிருந்தாலோ, ந, ன மாறியிருந்தாலோ சொல்லிச் சொல்லிக் காட்டிப் பயனில்லை. நம்மில் பெரும்பாலோர் பேச்சில் அவற்றை ஒரே ஒலியாகத்தான் சொல்கிறோம். அங்கே கண்தான் பழக வேண்டும்.

2. ல, ள, ழவுக்குக் கண்ணாடி

பிள்ளையைக் கண்ணாடி முன் நிறுத்துங்கள். 'ல' சொல்லும்போது நாக்கு நுனி மேல்பல் வரிசையின் பின்புறத்தைத் தொடும். 'ள' சொல்லும்போது நாக்கு வளைந்து மேல்வாயைத் தொடும். 'ழ' சொல்லும்போது இன்னும் உள்ளே வளையும், ஆனால் மேல்வாயில் ஒட்டாது. இதைப் பிள்ளையே வாயில் உணர்ந்த பிறகு ஒலி-ஒளி-ஒழி, வாலை-வாளை-வாழை என்று சொல்ல வையுங்கள். 'பள்ளிக்குப் போன வள்ளி பல்லியைப் பார்த்துத் துள்ளினாள்' போல வீட்டிலேயே வாக்கியங்கள் கட்டி, முதலில் மெதுவாகவும் பிறகு வேகமாகவும் சொல்லச் சொல்லுங்கள்.

3. பேச்சிலிருந்து எழுத்துக்கு ஒரு பாலம்

பேச்சுத் தமிழ் தவறு என்று பிள்ளையிடம் சொல்ல வேண்டாம். அது வீட்டுச் சட்டை, எழுத்துத் தமிழ் பள்ளிச் சீருடை என்று சொல்லுங்கள். ஒன்றிலிருந்து இன்னொன்றுக்கு மாற ஒரு ஒழுங்கு இருக்கிறது. நேத்து, காத்து என்பவை எழுத்தில் நேற்று, காற்று. ஒண்ணு, மூணு என்பவை ஒன்று, மூன்று. படிச்சான், அடிச்சான் என்பவை படித்தான், அடித்தான். நடந்ததைச் சொல்லும் 'உடைஞ்சுது' எழுத்தில் 'உடைந்தது'. நாளுக்கு ஐந்து பேச்சுச் சொற்களைச் சொல்லி, எழுத்து வடிவத்தைக் கேளுங்கள். 'பத்து' மட்டும் ஏன் 'பற்று' ஆகவில்லை என்று பிள்ளை கேட்டால், அது பேச்சிலும் எழுத்திலும் பத்துதான் என்று சொல்லுங்கள். எங்கே மாறாது என்பதும் பாடம்தான்.

4. ண, ந, ன: பக்கத்து வீட்டைப் பார்க்கச் சொல்லுங்கள்

பழைய ஆசிரியர்கள் இவற்றை டண்ணகரம், தந்நகரம், றன்னகரம் என்பார்கள். அந்தப் பெயர்களிலேயே விடை இருக்கிறது. ட-வுக்கு முன்னால் வருவது ண் (வண்டி, நண்டு). த-வுக்கு முன்னால் வருவது ந் (பந்து, சந்தை). ற-வுக்கு முன்னால் வருவது ன் (கன்று, தென்றல்). இன்னொன்றும் உண்டு: ந, ன இரண்டில் சொல்லின் தொடக்கத்தில் வருவது ந, முடிவில் வருவது ன். 'நான்' என்ற ஒரே சொல்லில் இரண்டும் இருக்கின்றன. 'திருநாள்' என்பதில் நடுவில் ந ஏன் வந்தது என்று கேட்டால், 'நாள்' தனிச்சொல்லாகத் தொடங்குவதைக் காட்டுங்கள்.

5. 'முயற்சி'யில் இன்னொரு ச் வேண்டாம்

பெரியவர்களே செய்யும் பிழை இது. முயற்ச்சி, பயிற்ச்சி, காட்ச்சி என்று எழுதிவிடுகிறோம். ட், ற் என்ற இரண்டுக்கும் பிறகு இன்னொரு புள்ளி எழுத்து வராது. எனவே முயற்சி, பயிற்சி, காட்சி, ஆட்சி. ய், ர், ழ் ஆகியவற்றுக்குப் பிறகு வரலாம். எனவே காய்ச்சல், வளர்ச்சி, மகிழ்ச்சி. இந்த ஒரு விதியைச் சமையலறைச் சுவரில் ஒட்டிவைத்தால் குடும்பத்துக்கே பயன்படும்.

6. டப்பாக்களுக்குப் பெயர் எழுதும் வேலை பிள்ளைக்கு

சமையலறையில் எல்லா எழுத்தும் இருக்கிறது. வெல்லம், ஏலக்காய், கொத்தமல்லி லகரம். மிளகு, உளுந்து, புளி, மஞ்சள் ளகரம். கேழ்வரகு, வாழைக்காய் ழகரம். சீரகம், மோர் என்பவற்றில் சின்ன ர. சோறு, ஊறுகாய், கறிவேப்பிலை என்பவற்றில் பெரிய ற. அடுப்புக்குள் எரிவது கரி, அடுப்பின் மேல் வேகுவது கறி. 'எண்ணெய்' என்ற சொல்லை ஒரு முறை தானே எழுதி டப்பாவில் ஒட்டிய பிள்ளை, தினமும் அதைப் பார்த்துப் பார்த்தே கற்றுக்கொள்ளும். மளிகைச் சீட்டையும் பிள்ளையே எழுதட்டும்.

7. குறிலுக்கு ஒரு தட்டு, நெடிலுக்கு இரண்டு

கல்-கால், பல்-பால், எடு-ஏடு, கொடு-கோடு என்று சொல்லிக்கொண்டே மேசையில் தட்டுங்கள். குறிலுக்கு ஒரு மாத்திரை, நெடிலுக்கு இரண்டு என்ற இலக்கணம் கையிலேயே பதிந்துவிடும். ஒற்றைக் கொம்பையும் இரட்டைக் கொம்பையும் குழப்பும் பிள்ளைக்கு ஒரு கதை சொல்லுங்கள். பழைய சுவடிகளில் எகர, ஒகரக் குறில்களைப் புள்ளி வைத்துக் காட்டுவது முறை. ஓலையில் அந்தப் புள்ளி விடுபட்டுப்போனால் குறிலா நெடிலா என்று தெரியாது. 18ஆம் நூற்றாண்டில், இத்தாலியிலிருந்து வந்த வீரமாமுனிவர்தான் நெடிலுக்கு இரட்டைக் கொம்பைக் கொண்டுவந்து அந்தக் குழப்பத்தைத் தீர்த்தவர். காரணம் தெரிந்தால் கொம்பு மறக்காது.

8. சொற்சங்கிலி

ஒருவர் சொன்ன சொல் எந்த எழுத்தில் முடிகிறதோ, அதே எழுத்தின் வரிசையில் அடுத்தவர் தொடங்க வேண்டும். மரம், மாங்காய், யானை... இங்கே ஆட்டம் நின்றுவிடும், ஏனென்றால் ன-வில் தமிழ்ச் சொல் தொடங்காது. ட, ண, ள, ழ, ற, ன போன்றவை தமிழ்ச் சொல்லுக்கு முதலில் வராத எழுத்துகள் என்பதைப் பிள்ளை தோற்றுத் தோற்றுக் கண்டுபிடிக்கும். பிறகு உங்களைத் தோற்கடிக்க 'கிளி', 'தமிழ்' என்று தேடிப் பிடிக்கும். மின்சாரம் போன இரவுகளுக்கு ஏற்ற விளையாட்டு.

9. பயணத்தில் பெயர்ப்பலகை

பஸ்ஸில் போகும்போது கைபேசியைக் கொடுப்பதற்குப் பதில் ஊர்ப்பெயர்களை வாசிக்கச் சொல்லுங்கள். விழுப்புரத்தில் எந்த ல? கள்ளக்குறிச்சியில் எந்த ல, எந்த ர? திண்டுக்கல், வந்தவாசி, குன்றத்தூர் என்ற மூன்று ஊர்களிலும் நான்காம் குறிப்பில் சொன்ன ண், ந், ன் வரிசையாக இருக்கின்றன. கடைப் பலகையில் பிழை கண்டுபிடித்தால் ஒரு மதிப்பெண் என்று போட்டி வையுங்கள்.

10. டிக்டேஷன் ஐந்து சொல் போதும்

இருபது சொல் கொடுத்தால் பிள்ளை சோர்ந்துவிடும். ஐந்து சொற்களை எழுதிக் காட்டுங்கள். பிள்ளை பார்க்கட்டும், வாய்விட்டுச் சொல்லட்டும், மூடி வைத்துவிட்டு எழுதட்டும், பிறகு திறந்து தானே திருத்தட்டும். திருத்தும் பேனா பிள்ளையின் கையில் இருப்பது முக்கியம். நாம் போடும் வட்டத்தைவிடத் தானே கண்டுபிடித்த பிழை நன்றாக நினைவில் நிற்கும். இரண்டு நாள் கழித்து அதே ஐந்தையும் மீண்டும் கேளுங்கள்.

11. பிள்ளைக்கென்று ஒரு அகராதி

ஒரு சின்ன நோட்டில் பக்கத்துக்கு ஓர் எழுத்து என்று ஒதுக்குங்கள். அடிக்கடி தவறும் சொற்களின் சரியான வடிவத்தை மட்டும் அதில் எழுத வேண்டும். தவறான வடிவத்தை எழுதி அடிக்க வேண்டாம்; கண்ணில் அதுவும் பதிந்துவிடும். ஒவ்வொரு சொல்லுக்கும் பிள்ளை சொந்தமாக ஒரு வாக்கியம் அமைக்கட்டும்.

12. 'ஒண்ணும் இல்ல' என்று பதில் வராத கேள்வி

"இன்னிக்கு ஸ்கூல்ல என்ன நடந்துச்சு?" என்று கேட்டால் "ஒண்ணும் இல்ல" என்றுதான் பதில் வரும். "சாப்பாட்டு நேரத்துல பக்கத்துல யாரு? அவங்க டிபன் பாக்ஸ்ல என்ன இருந்துச்சு?" என்று கேட்டுப் பாருங்கள், கதை கிளம்பும். பிள்ளை சொல்லுக்குத் தடுமாறும்போது நாம் முந்திக்கொண்டு வாக்கியத்தை முடித்துவிடக் கூடாது. மனதுக்குள் ஐந்து எண்ணிக் காத்திருங்கள். முதலில் என்ன நடந்தது, அப்புறம் என்ன, கடைசியில் என்ன என்று வரிசையாகச் சொல்லப் பழகிய பிள்ளைக்குக் கட்டுரை எழுதுவது கடினமாக இருக்காது.

13. திருத்துங்கள், ஆனால் தடுக்காதீர்கள்

பிள்ளை "வாளப்பளம் வேணும்" என்றால், "தப்பு, திருப்பிச் சொல்லு" என்று நிறுத்த வேண்டாம். "வாழைப்பழமா? இதோ, இந்த வாழைப்பழம் நல்லாப் பழுத்திருக்கு" என்று சரியான ஒலியை இரண்டு முறை காதில் போடுங்கள். விருந்தினர் முன்னால் திருத்தவே வேண்டாம். ஒரு முறை கூனிக் குறுகிய பிள்ளை அடுத்த முறை வாயே திறக்காது. பாட்டி, தாத்தாவுக்குக் கைபேசியில் செய்தி அனுப்பும்போதும் தமிழ் எழுத்திலேயே அனுப்பப் பழக்குங்கள். ஆங்கில எழுத்தில் தமிழை அடித்தால் ல-வும் ள-வும் ஒன்றாகிவிடும்.

14. உதவி தேட வேண்டிய நேரம்

இவ்வளவும் செய்து, இரண்டு மூன்று வகுப்புகள் கடந்த பிறகும் எழுத்தையும் ஒலியையும் பிள்ளையால் சேர்க்க முடியவில்லை என்றால், சோம்பேறி என்று முடிவுகட்டாதீர்கள். முதலில் காதுப் பரிசோதனை, கண் பரிசோதனை செய்யுங்கள். ஒலி சரியாகக் கேட்காத பிள்ளைக்கு ல, ள, ழ எப்படிப் பிரியும்? அவை சரியாக இருந்தால் டிஸ்லெக்சியா என்ற கற்றல் குறைபாடு இருக்கிறதா என்று வல்லுநரிடம் கேளுங்கள். அதற்கும் அறிவுத்திறனுக்கும் தொடர்பில்லை. 2016ஆம் ஆண்டின் மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டம் கற்றல் குறைபாட்டையும் அங்கீகரித்திருக்கிறது. உரிய சான்றிதழ் இருந்தால் தேர்வில் கூடுதல் நேரம் போன்ற சலுகைகள் கிடைக்கும். வகுப்பாசிரியரிடம் மனம்விட்டுப் பேசுங்கள். பிள்ளை எந்த இடத்தில் தடுக்குகிறது என்று வீட்டில் நீங்கள் எழுதிவைத்த அந்த முதல் தாளையும் கையோடு கொண்டுபோங்கள். அவருக்கும் வல்லுநருக்கும் அது மிகவும் உதவும்.