பழைய விளம்பர அட்டை சேர்க்க வரும் பிள்ளைகளுக்கு

1. அட்டை கைக்கு வந்ததும் முதலில் திருப்பிப் பாருங்கள். முன்பக்கம் பூவும் பூனையும் குழந்தையுமாக மயக்கும். சரக்கு என்ன, விற்றவர் யார், எந்த ஊர் என்பதெல்லாம் பெரும்பாலும் பின்பக்கம்தான். 1876 பிலடெல்பியா கண்காட்சிக்குப் பிறகு சுமார் கால் நூற்றாண்டு, அமெரிக்காவில் நூல்கண்டு, சோப்பு, காப்பித்தூள், தையல் மிஷின் எதை வாங்கப் போனாலும் இவை இலவசமாகக் கிடைத்தன.

2. பத்து மடங்கு பெரிதாக்கும் லென்ஸ் வாங்கிய பிறகு அட்டை வாங்குங்கள். இவை வண்ணக் கல்லச்சு. எங்கெல்மான் என்ற அச்சுக்காரர் 1837-இல் காப்புரிமை பெற்ற முறை. நிறத்துக்கு ஒரு சுண்ணாம்புக்கல்லாக வரைந்து, ஒரே தாளை ஒவ்வொரு கல்லிலும் ஏற்றி எடுப்பார்கள். படத்திலுள்ள குழந்தையின் கன்னத்தை லென்ஸில் பாருங்கள்: ஒன்று பெரிது, ஒன்று சிறிதாகக் கையால் வைத்த புள்ளிகள் சிதறிக் கிடக்கும். சிவப்புக் கல் மயிரிழை நகர்ந்திருந்தால் சிவப்பு உதட்டைத் தாண்டி நிற்கும். அது குறையல்ல, பெயர் தெரியாத ஒரு தொழிலாளியின் கை அங்கே தெரிகிறது. எனக்கு இந்த அட்டைகள் மேல் ஆசை வந்ததே அந்தப் புள்ளிகளால்தான். புள்ளிகள் வரிசை பிசகாமல் நின்றால் பிற்கால மறு அச்சு என்று சந்தேகப்படுங்கள்.

3. ஒரே படத்தில் இரண்டு கடைப் பெயர் கண்டால் போலி என்று ஒதுக்காதீர்கள். நம் சிவகாசிக் காலண்டர் போலத்தான். படத்தை மொத்தமாக அடித்து இடம் விட்டிருப்பார்கள், கடைக்காரர் தன் பெயரைப் பதித்துக்கொள்வார். சிற்றூர்க் கடையின் பெயர் உள்ளதை விடாதீர்கள்.

4. பெண்களும் பிள்ளைகளும் ஆல்பத்தில் ஒட்டி வைத்ததால்தான் இவ்வளவு மிஞ்சின. பசைத் தழும்பைப் பொறுத்துக்கொள்ளுங்கள். தண்ணீரில் ஊறவைக்காதீர்கள். முழு ஆல்பமாகக் கிடைத்தால் பிரிக்கவே பிரிக்காதீர்கள். எதற்குப் பக்கத்தில் எதை ஒட்டினார்கள் என்பது வேறெங்கும் எழுதி வைக்கப்படவில்லை.

5. லாமினேஷன் கூடவே கூடாது. பாலியெஸ்டர் உறை, வெயில் படாத அலமாரி போதும்.

6. மனதுக்குக் கசப்பானதையும் சேருங்கள். கறுப்பின மக்களையும் சீனர்களையும் இழிவுபடுத்தி வரைந்த அட்டைகள் ஏராளம். ஒளிக்கவும் வேண்டாம், பெருமையாகச் சட்டம் போட்டு மாட்டவும் வேண்டாம். மருந்து அட்டைகளை நிதானமாகப் படியுங்கள். ஆல்பனி நகரத்து லாயிட் கம்பெனியின் 1885 பல்வலி மருந்து அட்டையில் இரண்டு குழந்தைகள் குச்சிகளை வைத்து விளையாடுகிறார்கள். விலை 15 சென்ட். மருந்தின் பெயரிலேயே கொக்கைன். அன்று அது சட்டத்துக்கு உட்பட்ட வியாபாரம்தான். கொக்கைன் போன்றவை கலந்திருந்தால் லேபிளில் சொல்லியாக வேண்டும் என்ற மத்தியச் சட்டம் அமெரிக்காவில் வந்தது 1906-இல்.