காற்றுக்கு ஒரு கணக்கு, டீசலுக்கு ஒரு கணக்கு

அன்புள்ள மருமகனுக்கு,

மாமா எழுதுவது. ஏர் ஃபில்டரையும் டீசல் ஃபில்டரையும் எத்தனை ஆயிரம் கிலோமீட்டருக்கு ஒருமுறை மாற்ற வேண்டும் என்று கேட்டிருந்தாய். போனிலேயே ஒரு எண்ணைச் சொல்லியிருக்கலாம். ஆனால் உன் வண்டி போகும் ரோட்டுக்கு அது பொருந்துமா என்பது வேறு விஷயம். நம் பக்கத்தில் பலர் இரண்டையும் ஒரே நாளில் கழற்றி, ஏர் ஃபில்டருக்குக் காற்று அடித்து மாட்டிவிட்டு, டீசல் ஃபில்டரை ‘இன்னொரு டிரிப் தாங்கும்’ என்று விட்டுவிடுகிறார்கள். இரண்டிலும் செய்வது தலைகீழ். ஏர் ஃபில்டரை அடிக்கடி தொடாதே. டீசல் ஃபில்டரைத் தள்ளிப்போடாதே.

ஒரு லிட்டர் டீசல் முழுதாக எரிய ஏறக்குறைய பத்தாயிரம் லிட்டர் காற்று வேண்டும். லோடு வண்டி இன்ஜின் அதைவிடக் கூடுதலாகவே இழுக்கும். 300 லிட்டர் டேங்க் காலியாவதற்குள் முப்பது லட்சம் லிட்டருக்கு மேல் காற்று ஏர் ஃபில்டரின் தாள் மடிப்புகளைத் தாண்டிப் போகிறது. நம் மண்ணில் கலந்திருக்கும் குவார்ட்ஸ் துகள் வார்ப்பிரும்பைவிடக் கடினமானது. அது உள்ளே நுழைந்தால் ஆயிலோடு சேர்ந்து லைனரையும் ரிங்கையும் உப்புத்தாள் போட்டதுபோல் அராவிவிடும். பிறகு வண்டி ஆயில் குடிக்கும், கம்ப்ரஷன் இறங்கும், காலத்துக்கு முன்பே இன்ஜினைப் பிரிக்க வேண்டிவரும்.

நிறையப் பேர் நம்ப மறுக்கும் விஷயம் ஒன்று உண்டு. புத்தம்புது ஏர் ஃபில்டரைவிட, கொஞ்சம் தூசி படிந்ததுதான் நுண்தூசியை நன்றாகத் தடுக்கும். படிந்த தூசியே கூடுதல் சல்லடையாக நின்றுவிடுகிறது. வாராவாரம் திறந்து பார்த்தால் அந்தப் படிவு உதிரும்; சுத்தமான பக்கத்திலும் கொஞ்சம் விழும்; ரப்பர் உட்காரும் இடம் கலையும். கம்ப்ரஸர் காற்றைக் கிட்டே வைத்து அடித்தால் தாளில் கண்ணுக்குத் தெரியாத ஓட்டைகள் விழுகின்றன. காற்று அடித்த ஃபில்டருக்குள் இருட்டில் ஒரு பல்பைவிட்டுப் பார், புள்ளி புள்ளியாக வெளிச்சம் தெரிந்தாலும் தெரியும். டயரில் தட்டினால் ஓரம் நெளிந்துபோகும், அதன்பின் எவ்வளவு இறுக்கினாலும் பக்கவாட்டில் தூசி நுழையும்.

அப்படியென்றால் எப்போது மாற்றுவது? ஏர் ஃபில்டர் டப்பாவிலோ, அதிலிருந்து டர்போவுக்குப் போகும் குழாயிலோ சின்னக் கண்ணாடிக் குமிழ் ஒன்று இருக்கும். புது வண்டிகளில் டேஷ்போர்டில் விளக்கு. அதில் சிவப்பு வந்தால் மாற்று. மாற்றியதும் குமிழின் பட்டனை அழுத்திவிடு. உள்ளே இருக்கும் சின்ன ஃபில்டருக்கு எக்காரணம் கொண்டும் காற்று அடிக்காதே. வெளி ஃபில்டரை மூன்றுமுறை மாற்றினால் உள்ளதையும் ஒருமுறை மாற்றிவிடு. டப்பாவின் அடியில் தொங்கும் ரப்பர் மூக்கைத் தினமும் அழுத்தித் தூசியைக் கொட்டு. ஹோஸ் கிளிப்பையும் கையால் ஆட்டிப் பார்த்துவிடு.

குமிழ் சிவக்காவிட்டாலும் புத்தகத்தில் போட்ட கெடுவைத் தாண்டாதே. அந்த எண் தார் ரோட்டுக்குப் போட்டது. சேலத்திலிருந்து வடக்கே போகும் வண்டிக்குச் சரி. கல்குவாரிக்குள் எம்-சாண்ட் ஏற்றும் டிப்பருக்கு அதில் பாதிகூட வராது. திருச்செங்கோட்டு ரிக் வண்டிகளைப் பார்த்திருப்பாயே, நின்ற இடத்தில் பாறைத் தூளுக்கு நடுவே நாள் முழுக்க இன்ஜின் ஓடும், கிலோமீட்டர் நகராது. அவற்றுக்கு மணிக்கணக்குதான் பார்க்கிறார்கள். உன் வண்டியும் லோடு இறக்க வரிசையில் இன்ஜின் ஓடியபடி நின்றால், ஒரு மணி நேரத்துக்கு 40, 50 கிலோமீட்டர் ஓடியதாகச் சேர்த்துக்கொள்.

இனி டீசல். பழைய பம்ப் வண்டிகளில் நாசில் 200 பார் சுமாருக்குத் திறக்கும். கொஞ்சம் அழுக்கு வந்தாலும் சமாளிக்கும். 2020 ஏப்ரல் 1 முதல் வந்திருக்கும் பிஎஸ்-6 காமன் ரெயில் வண்டிகளில் அழுத்தம் 1,600 பாரைத் தாண்டுகிறது. இன்ஜெக்டருக்குள் உள்ள இடைவெளி சில மைக்ரான்தான். தலைமுடியே ஏறக்குறைய 70 மைக்ரான் தடிமன். இங்கே தண்ணீர்தான் பெரிய எதிரி. டீசல் தரும் வழவழப்பு தண்ணீருக்குக் கிடையாது, துருவும் ஏறும். தண்ணீரும் டீசலும் சேரும் இடத்தில் நுண்ணுயிர் வளர்ந்து கருப்பாகக் கோழை கட்டி ஃபில்டரை அடைக்கும். அதனால் காலையில் ஸ்டார்ட் பண்ணும் முன் டீசல் ஃபில்டரின் கீழ்த் திருகைத் தளர்த்தி, சுத்தமான டீசல் வரும்வரை வடித்துவிடு. ராத்திரி நிறுத்தும்போது டேங்க் நிறைந்திருந்தால் நல்லது. காலியிடத்தில் இருக்கும் ஈரக்காற்றுதான் குளிரில் தண்ணீராகிறது. மழைக்காலத்தில் இதில் கூடுதல் கவனம் வேண்டும்.

டீசல் ஃபில்டர் அடைபடுவதை வண்டி தாமதமாகத்தான் சொல்லும். தொப்பூர் ஏற்றத்தில் லோடோடு இழுவை குறையும், கொஞ்சம் நிறுத்தி எடுத்தால் சரியாகும், மறுபடி குறையும். அதுவரை காத்திராதே. பழைய வண்டிகளுக்குப் பொதுவாக 20,000 கிலோமீட்டர் சுமாரில் மாற்றுவோம். புதியவற்றுக்கு அதைவிடக் கூடுதலாகப் போட்டிருப்பார்கள். உன் புத்தகத்தில் உள்ளதைத் தாண்டாதே. சந்தேகமான டீசல் ஏறியிருந்தால் உடனே மாற்று. ஒரு இன்ஜெக்டருக்கு ஆகும் செலவில் பல வருஷத்து ஃபில்டரை வாங்கிவிடலாம்.

மாட்டும்போது, ஏர் லாக் ஆகாமலிருக்கப் புது ஃபில்டரில் டீசலை ஊற்றி மாட்டும் பழக்கத்தை விட்டுவிடு. வடிகட்டாத டீசல் நேராக பம்புக்குப் போய்விடும். காலியாகவே மாட்டி, கைப்பம்பை அழுத்தி ஏர் எடு. ரப்பர் வளையத்தில் டீசல் தடவிக் கையால் இறுக்கினால் போதும், ஸ்பேனர் வேண்டாம். மாற்றிய தேதியையும் கிலோமீட்டரையும் டப்பாமேலேயே பெயிண்டில் எழுதிவை. கேபினில் ஒரு டீசல் ஃபில்டர் எப்போதும் கூடுதலாக இருக்கட்டும்.

வண்டியோடு வந்த புத்தகத்தில் பராமரிப்பு அட்டவணைப் பக்கத்தைப் போட்டோ எடுத்து அனுப்பு. எந்த ரூட், தினமும் எத்தனை மணி நேரம் நின்று ஓடுகிறது என்பதையும் எழுது. உன் வண்டிக்கென்றே கணக்குப் போட்டு அனுப்புகிறேன்.

அன்புடன்,
மாமா