போலந்து மாணாக்கரும் ஆங்கில உறவுச் சொற்களும்

பிறமொழி கற்போனை மிகுதியும் மயக்குவன, அறிந்தன போலத் தோன்றும் சொற்களே. அறியாச் சொல்லைக் கண்டவன் அகராதியைத் திறப்பான். அறிந்ததாக எண்ணியவனோ துணிந்து பேசிவிடுவான். பேசும் பொருள் நட்பும் உறவுமாயின் அத்துணிவு மனக்கசப்பில் முடிதலும் உண்டு. போலந்து நாட்டார் ஆங்கிலம் பயிலும் வகையை நோக்குவார்க்கு இது நன்கு விளங்கும்.

1989ஆம் ஆண்டின் ஆட்சிமாற்றம் வரை அந்நாட்டுப் பள்ளிகளிற் கட்டாயமாகக் கற்பிக்கப்பட்ட அந்நிய மொழி ருஷிய மொழியாகும். 2004ஆம் ஆண்டு மே மாதத்திற் போலந்து ஐரோப்பிய ஒன்றியத்திற் சேர்ந்தபின், பெருந்தொகையினர் தொழில் நாடிப் பிரித்தானியா புகுந்தனர். 2011ஆம் ஆண்டுக் குடிசனமதிப்பின்படி இங்கிலாந்திலும் வேல்சிலும் போலிஷ் மொழியைத் தம் முதன்மை மொழியெனக் கூறியோர் ஏறக்குறைய 546,000 பேர். ஆங்கிலமும் வேல்சு மொழியும் நீங்கலாக வேறெம்மொழிக்கும் அத்துணைத் தொகை இருக்கவில்லை. ஆகவே இவர்க்கு ஆங்கிலம் அயலாரோடும் மேலாளரோடும் நாடோறும் உறவாடும் மொழியாயிற்று.

இரு மொழியிலும் இலத்தீனிலிருந்து வந்த சொற்கள் பல. ஒலி ஒன்றாயினும் பொருள் பிரிந்துவிட்டது. 'சிம்பாத்திச்னி' என்னும் போலிஷ் சொல்லுக்கு இனிய குணமுடையவர் என்பது பொருள். ஆங்கிலத்துச் 'சிம்பதெற்றிக்' என்பதோ பிறர் துன்பத்துக்கு இரங்குபவரைக் குறிக்கும். தன் ஆசிரியை இனியவர் என்று கூற விரும்பிய மாணவன் இச்சொல்லை ஆண்டால், ஆங்கிலேயர் அவன் வீட்டில் யாது துயர் நேர்ந்ததோ என்று ஐயுறுவர். ஆங்கிலப் பெண்ணொருத்தி தன் கணவர் 'ஓடினரி' மனிதர் என்றாற் சாதாரணமானவர் என்பதே கருத்து. போலிஷ் மொழியில் 'ஓர்தினார்னி' என்பது இழிந்த நடையுடையவனைச் சுட்டும். 'இவென்சுவலி' என்பது இன்னும் பொல்லாதது. ஆங்கிலத்தில் அது 'ஈற்றில்' எனப் பொருள்படும். அதனையொத்த போலிஷ் சொல்லுக்கோ 'ஒருவேளை' என்பது பொருள். திருமண அழைப்புக்கு விடை எழுதும் போலந்தினர், இயலுமாயின் வருவேன் என்று கருதி இச்சொல்லை இடின், வீட்டார் அவர்க்கும் ஓர் இருக்கை இட்டுக் காத்திருப்பர்.

'ஆகியுமென்ற்' என்னும் சொல் போலிஷ் மொழியில் ஒரு கருத்துக்குக் காட்டும் நியாயத்தையே குறிக்கும். ஆங்கிலத்திற் சச்சரவையும் குறிக்கும். கணவன் மனைவியரிடையே அது உண்டென்று கேட்ட போலந்து மாணவி, இருவரும் நியாயம் அறிந்தவர் என்று மகிழ்தல் கூடும்.

நட்பைக் குறிக்கும் சொற்களிலேதான் இடர்ப்பாடு மிகுதி. போலந்தினர் உயிர்த்தோழனை 'ப்ஷியாச்செல்' என்பர். அத்தகையோர் ஒருவர்க்குச் சிலரே. உடன்பயில்வோனும் உடன்தொழில் புரிவோனும் 'கொலேகா', முகமறிந்தவர் 'ஸ்னயோமி'. ஆங்கிலமோ இம்மூவரையும் பெரும்பாலும் 'பிறென்ட்' என்றே அழைத்துவிடும். அறிமுகமான மறுநாளே அவ்வாறு அழைக்கப்பட்ட போலந்தினர் பெரும் அன்பை எதிர்பார்த்து ஏமாறுதல் உண்டு. மறுதலையாக, வகுப்புத் தோழனை அவர் 'கொலீக்' என்றால் அது அலுவலகப் பேச்சாக ஒலிக்கும். வார்சோவிற் பிறந்த மொழியியலறிஞர் அன்னா வியெர்ஸ்பிக்கா அம்மையார் 1997ஆம் ஆண்டு வெளியிட்ட நூலில், இந்நட்புச் சொற்களை விரிவாக ஒப்புநோக்கியுள்ளார்.

விளியிலும் சிக்கலுண்டு. நெருங்கியோரை ஒருமையில் விளிக்கும் போலந்தினர், ஏனையோரைப் 'பான்', 'பானி' என்று படர்க்கையில் வைத்தே பேசுவர்; எதிரில் நிற்பவரையே "ஐயா நாளை வருவாரா?" என்று வினவுதல் போன்றது அது. நீ, நீர், நீங்கள் எனப் படி வகுத்த நமக்கு இது வியப்பன்று. எல்லோர்க்கும் ஒரே 'யூ' என்றதும், மேலாளரைப் பெயர்சொல்லி அழைக்கப் பணித்ததும், மரியாதையை எங்கே வைப்பதென்று அவர் தடுமாறுவர்.

உறவுமுறை பற்றி ஒரு வார்த்தை. தந்தையின் சகோதரனை 'ஸ்திரிய்' என்றும் தாயின் சகோதரனை 'வூய்' என்றும் பிரித்தல் அவர்தம் பழைய வழக்கு. இன்று முன்னைய சொல் அருகி வருகின்றது. சித்தப்பாவையும் மாமாவையும் ஒரே 'அங்கிள்' ஆக்கிய மொழியைக் கற்ற நாம் அவர்க்கு இரங்கலாம். வேற்றுமைப் பிழையிலும் நாம் அவர்க்கு இனத்தவரே: 'டிஸ்கஸ்' என்னும் வினையோடு 'எபவுட்' சேர்த்துச் சிவப்பு மைக்கோடு வாங்காதார் எம் வகுப்பில் எவருமிலர், அவரும் தம் மொழி வழக்கால் அவ்வாறே எழுதுவர். மணந்தவரோடு இணைக்குமிடத்து 'ரு' என்பதற்கு 'வித்' இடுவதும் அவர் வழக்கம்.

ஈற்றில், விருந்தோம்பல். "இருங்கள், சாப்பிடுங்கள்" என்று ஏவல் வினையால் உபசரித்தல் போலந்தினர்க்கும் நமக்கும் பொது. ஆங்கிலேயர்க்கு அவ்வேவல் அதிகாரமாகப் படும்; அவர் "இன்னுஞ் சிறிது கொள்வீர்களா?" என்று கேள்வியாகவே கூறுவர். போலந்து மாணாக்கர்க்கு அவ்வினா வாக்கியத்தைக் கற்பிக்கும் ஆசிரியர், விருந்தினர் ஒருமுறை "வேண்டாம்" என்றால் மறுமுறை வற்புறுத்தாமல் விடவேண்டும் என்பதையும் அப்பாடத்திலேயே கற்பித்துவிடுதல் நன்று.