தரையை விட்டு மேலே: முதுகெலும்பு அறுவை சிகிச்சைக்குப் பின் முதல் ஆறு வாரங்கள்

முதுகெலும்புகளைத் திருகாணியும் தண்டும் கொண்டு இணைக்கும் அறுவை சிகிச்சை முடிந்து வீடு திரும்புவோர், எத்தனை நாள் படுத்த படுக்கையாக இருக்க வேண்டும் என்றே எங்களிடம் முதலில் கேட்கின்றனர். அப்படி இருக்க வேண்டியதில்லை. திருகாணிகள் முதுகைத் தற்காலிகமாகத் தாங்கிப் பிடிக்கின்றன. எலும்போடு எலும்பு கூடிவரப் பல மாதங்கள் ஆகும். அதுவரை குனிவதும், இடுப்பைத் திருகுவதும், பளு தூக்குவதுமே கேடு விளைவிப்பவை. நடப்பதால் கேடில்லை. முதல் நாள் தார்சாவில் ஐந்து நிமிடம், மறுநாள் இன்னும் சிறிது என்று, ஒரே நேரத்தில் நெடுந்தூரம் செல்லாமல் நாளுக்குப் பலமுறை நடக்க வேண்டும்.

இடர் வேறிடத்தில் உள்ளது. நம் பகுதியில் வீட்டு வாழ்க்கை பெரும்பாலும் தரையிலேயே நடைபெறுகிறது. பத்தமடைப் பாய் உறக்கத்துக்கு எவ்வளவு இதமானதாயினும், தரையிலிருந்து எழும் ஒவ்வொரு முறையும் இடுப்பு முழுவதுமாக வளைகிறது. அரிவாள்மணை, தரையில் பரிமாறும் சாப்பாடு, குத்துக்காலிட்டு அமரும் கழிப்பறை ஆகியவையும் அத்தகையனவே. ஆகவே நோயாளி வருமுன்னரே அவருக்கு வேண்டியவை அனைத்தையும் இடுப்புயரத்துக்கு ஏற்றி வைக்குமாறு குடும்பத்தாரைக் கேட்டுக்கொள்கிறோம். உட்கார்ந்தால் பாதம் தரையில் படியும் உயரமுள்ள கட்டில், கைப்பிடியுள்ள நாற்காலி, கழிப்பறைக்கு நடுவில் துளையிட்ட நாற்காலி, குளிக்க முக்காலியும் மேடைமேல் வைத்த வாளியும் இருந்தால் போதும். எழும்போது முதலில் தோளும் இடுப்பும் ஒருசேர ஒருபக்கம் புரள வேண்டும். பின் கால்களைக் கட்டிலுக்கு வெளியே இறக்கியபடியே கையை ஊன்றி எழ வேண்டும். நிறைகுடம் 10 கிலோவுக்கு மேல் எடையுள்ளது. அதைத் தூக்கும் எண்ணமே வேண்டாம். பேரக்குழந்தையும் அப்படியே. மனம் கேட்காவிட்டால், அமர்ந்திருக்கும்போது குழந்தையைப் பிறர் மடியில் வைக்கட்டும்.

முக்கூடல், மேலப்பாளையம் பகுதிகளிலிருந்து வரும் பீடி சுற்றும் பெண்களுக்குத் தனியாக ஒன்று சொல்ல வேண்டும். மடியில் தட்டை வைத்து மணிக்கணக்கில் குனிந்திருக்கும் வேலை அது. வாரக்கூலி நின்றுபோகும் கவலையை நாங்கள் அறிவோம். எனினும் அறுவை செய்த மருத்துவர் இசைவு தருமுன் தட்டைத் தொட வேண்டாம். இசைவு கிடைத்த பின்னும் நாற்காலியில் அமர்ந்து, தட்டை மேசைமேல் வைத்து, இருபது நிமிடத்துக்கு ஒருமுறை எழுந்து நடந்து வேலை செய்யுங்கள். வீட்டில் பீடியோ சிகரெட்டோ பிடிப்பவர் நோயாளியே ஆனால் உடனே நிறுத்த வேண்டும். நிகோடின் எலும்பு கூடுவதைத் தடுக்கிறது.

உறவினர் அன்போடு கொண்டுவரும் தைலத்தை முதுகில் தேய்க்க வேண்டாம். பாபநாசத்தில் முழுகுவதாக நேர்ந்துகொண்டவர்கள் வேண்டுதலைத் தள்ளிவைக்கலாம். தாமிரபரணி எங்கும் போய்விடாது. பொதுவாகத் தையல் பிரிப்பது 10 முதல் 14 நாளில். அதன் பின்னும் புண் முற்றிலும் ஆறிவிட்டதென மருத்துவர் சொல்லும்வரை ஆறு, குளம், கிணறு எதிலும் இறங்கலாகாது. குற்றால அருவியில் முதுகைக் காட்டி நிற்பது அதற்கும் பிந்தியது. சர்க்கரை நோய் உள்ளவர்கள் சர்க்கரையைக் கட்டுக்குள் வைத்தால்தான் புண் ஆறும். வலி மாத்திரைகளுள் சில மலச்சிக்கலை உண்டாக்கும். நீர், கீரை, பழம் சேர்த்துக்கொள்ளுங்கள். கடையில் தாமாக வேறு வலி மாத்திரை வாங்க வேண்டாம்.

புண்ணைச் சுற்றி வலியும், காலில் பழைய மதமதப்பும் சில வாரங்கள் நீடிப்பது இயல்பு. காய்ச்சல், புண்ணில் சீழ், தண்ணீர் போன்ற தெளிந்த கசிவு, எழுந்து அமர்ந்தால் கடுமையாகும் தலைவலி, ஒரு கெண்டைக்காலில் மட்டும் வீக்கமும் வலியும் ஆகியவை இயல்பல்ல. அன்றே மருத்துவமனைக்கு வாருங்கள். சிறுநீர் கழிக்க இயலாமை அல்லது அறியாமல் கழிதல், மலம் கட்டுப்படாமை, பிறப்புறுப்பைச் சுற்றி உணர்ச்சியின்மை, காலில் புதிதாக வலுக்குறைவு, மூச்சுத்திணறல் இவற்றில் ஒன்று தோன்றினாலும் விடியட்டும் என்று காத்திராமல் 108-ஐ அழையுங்கள். பெண்கள் பலர் சிறுநீர்த் தொல்லையைக் கூச்சத்தால் மறைத்துவிடுகின்றனர். துணையிருப்பவர் நாள்தோறும் வாய்விட்டுக் கேட்க வேண்டிய கேள்வி அது.

மலையடிவாரச் சிற்றூர்களில் இருப்போர் ஒவ்வொரு முறையும் பேருந்தில் குலுங்கி வர வேண்டியதில்லை. 2021-இல் தொடங்கிய மக்களைத் தேடி மருத்துவம் திட்டத்தில் இயன்முறை மருத்துவர் வீட்டுக்கே வருகிறார். உங்கள் ஆரம்ப சுகாதார நிலையத்தில் கேளுங்கள். அவர் வரும் நாளில் எங்கள் டிஸ்சார்ஜ் தாளை முதலில் காட்டுங்கள். எந்தெந்த எலும்புகள் இணைக்கப்பட்டன, எந்த அசைவு கூடாது என்பவை அதில் எழுதப்பட்டுள்ளன.