பகுத்து அமைத்தல்

விளையாட்டில் ஆர்வமுடையோர் பலர் ஓரிடத்தே கூடின், பேச்சு மிகும். ஒருவர் கிரிக்கெட்டின் ஓட்டக் கணக்கை உரைப்பர். மற்றொருவர் கால்பந்தின் விதியொன்றை வினவுவர். வேறொருவர் சடுகுடுவில் பிடிக்கும் முறையை விளக்கத் தொடங்குவர். எல்லாம் ஒருங்கே கலந்துவிடின், பலர் விரும்பும் ஆட்டமே அவையை நிறைக்கும். சிலர் விரும்பும் ஆட்டம் பேசுவாரற்று ஒழியும். வினவியவரும் விடை பெறாது திரும்புவர். இக்குறையை நீக்கும் வழி, பேசும் பொருளைப் பகுத்துக்கொள்ளுதலேயாகும்.

இத்திறன் நம் நாட்டிற்குப் புதியதன்று. புதுச்சேரியைச் சார்ந்த திருபுவனையில் வரதராசப் பெருமாள் கோயில் உளது. முதலாம் இராசாதிராச சோழன் காலத்தில், 1048ஆம் ஆண்டிற் பொறிக்கப்பெற்ற கல்வெட்டொன்று, அவ்வூரில் நிலவிய கல்விச்சாலையைப் பற்றிக் கூறுகின்றது. அங்கே 260 மாணவர் பயின்றனர். 12 ஆசிரியர் கற்பித்தனர். மாணவர் மிகுந்த இருக்கு வேதத்திற்கும் யசுர் வேதத்திற்கும் மும்மூவர் ஆசிரியராயினர். எஞ்சிய அறுவரும் வேறு ஆறு பாடங்களுக்குத் தனித்தனியே அமர்ந்தனர். பயில்வோர் சிலரே என்று அப்பாடங்கள் கைவிடப்படவில்லை. அக்கல்வி ஒரு சாரார்க்கே உரியதாயிருந்தது. எனினும், அவ்வமைப்பு முறை எல்லார்க்கும் பயன்படுவதேயாம்.

நூலகங்களிலும் இம்முறையைக் காணலாம். அமெரிக்க நூலக அறிஞர் மெல்வில் டூயி 1876ஆம் ஆண்டில் வெளியிட்டுப் பின்னர் விரிவுற்ற பகுப்பு முறையில், திடலில் ஆடும் விளையாட்டுகளுக்கு 796 என்னும் எண் உரியது. அதனுள் கால்பந்து 796.334 எனவும், கிரிக்கெட் 796.358 எனவும் கிளைக்கின்றன. நீர் விளையாட்டுகள் 797 என்னும் எண்ணில் அடங்கும். முதலிற் பொது, பின்னர்ச் சிறப்பு என்பதே இதன் நெறி.

பள்ளியில் விளையாட்டு மன்றம் அமைப்போரும் இந்நெறியைக் கைக்கொள்ளலாம். முதற்கண் ஆட்டந்தோறும் ஒரு பகுதி வகுத்தல் வேண்டும். பின்னர் அதனுள் விதிகள், பயிற்சி, போட்டி முடிவுகள், வரலாறு எனப் பிரித்தல் வேண்டும். பகுதியின் பெயர் கேட்ட அளவிலே பொருள் விளங்குதல் நன்று. ஒரு பொருள் இரு பகுதிகளில் மயங்குதல் ஆகாது. பகுதிகள் அளவிறந்து பெருகினும் தீங்கே. ஒவ்வொன்றிலும் ஓரிருவரே எஞ்சி, உரையாடல் அற்றுப்போகும். எதனுள்ளும் அடங்காதவற்றிற்குப் பொதுப்பகுதியொன்று இருத்தல் இன்றியமையாதது. பகுதிதோறும் பொறுப்பாளர் ஒருவரும் வேண்டும்.

பகுத்தல் என்பது பிரித்து ஒதுக்குதலன்று. ஒவ்வொன்றிற்கும் உரிய இடத்தை அளித்தலாகும். சிற்றூர்த் திடல்களில் ஆடப்பெற்ற சடுகுடு, கபடி என்னும் பெயரால் 1990ஆம் ஆண்டு பெய்சிங்கில் நிகழ்ந்த ஆசிய விளையாட்டுப் போட்டிகளில் பதக்கத்திற்குரிய ஆட்டமாகச் சேர்க்கப்பெற்றது. இந்தியா அதில் பொற்பதக்கம் பெற்றது. தனக்கென ஓரிடம் வாய்த்தபொழுதே அவ்வாட்டத்தின் சிறப்பை நாடுகள் பலவும் கண்டன. மன்றத்தின் ஒரு மூலையில் அமர்ந்து, தான் விரும்பும் ஆட்டத்தைப் பற்றிப் பேச வாய்ப்பின்றியிருக்கும் மாணவனுக்கும் அத்தகைய ஓரிடத்தை நல்குவதே நல்ல பகுப்பாகும்.