குப்பி விலையைப் பார்க்காதீர்கள், நாள் கணக்கைப் பாருங்கள்

கண் அழுத்த நோய்க்கு, அதாவது கிளாக்கோமாவுக்கு, மருந்து வாங்குவது மாதாமாதம் வரும் செலவு. என் அம்மாவுக்கு எழுபது வயதை ஒட்டி இந்த நோய் இருப்பது தெரிந்தது. தினமும் இரவு இரண்டு கண்ணிலும் ஒவ்வொரு சொட்டு, ஆயுள் முழுக்க என்றார் டாக்டர். போன பார்வை திரும்பாது, இருக்கிற பார்வையைக் காப்பாற்றத்தான் இந்த மருந்து என்பதையும் அப்போதே சொல்லிவிட்டார். அன்றிலிருந்து மருந்து வாங்குவது, தேதி பார்ப்பது, கணக்கு வைப்பது எல்லாம் என் பொறுப்பு. ஜெனரிக் போதுமா, பெரிய கம்பெனி மருந்துதான் வாங்க வேண்டுமா என்று சொந்தக்காரர்கள் இப்போது என்னிடம்தான் கேட்கிறார்கள். அவர்களுக்குச் சொல்வதையே இங்கே எழுதுகிறேன்.

அம்மாவின் மருந்து லட்டானோபிராஸ்ட். 1996-ல் 'சலாட்டான்' என்ற பெயரில் அமெரிக்காவில் விற்பனைக்கு வந்தது. 2011-ல் அங்கே காப்புரிமை முடிந்ததும் மற்ற கம்பெனிகளும் தயாரிக்க ஆரம்பித்தன. அங்கே அசல் பிராண்டுக்கும் ஜெனரிக்குக்கும் விலையில் பல மடங்கு வித்தியாசம். நம் ஊர் நிலைமை வேறு. மெடிக்கல் கடையில் நீங்கள் பார்க்கிற பெயர்களில் பெரும்பாலானவை இந்தியக் கம்பெனிகள் தங்கள் பெயர் சூட்டி விற்கும் ஜெனரிக்தான். சிப்லாவின் '9பிஎம்', சன் பார்மாவின் 'லாட்டோபிராஸ்ட்' எல்லாம் அப்படித்தான். ஆகவே கடையில் நின்று நாம் முடிவு செய்வது பெரும்பாலும் பெயர் போட்ட ஜெனரிக்கா, பெயர் போடாத ஜெனரிக்கா என்பதை மட்டும்தான். இது புரிந்த பிறகு எனக்கு இருந்த பயத்தில் பாதி போய்விட்டது.

மீதிப் பயத்துக்கு மருந்து, பெட்டியில் பொடி எழுத்தில் இருக்கும் வரிகளைப் படிப்பது. "அக்கா, நீங்க கேட்டது ஸ்டாக் இல்ல, இது அதே மருந்துதான், கம்பெனி மட்டும் வேற" என்று கடைத் தம்பி நீட்டினால், நான் அங்கேயே போனில் போட்டோ எடுத்துப் பெரிதாக்கிப் பார்ப்பேன். மருந்தின் பெயர், சதவீதம், எத்தனை மில்லி. லட்டானோபிராஸ்ட் என்றால் 0.005 சதவீதம், 2.5 மி.லி. இதே நோய்க்குத் தரும் மற்ற சொட்டு மருந்துகளில், பிமட்டோபிராஸ்ட் 0.01, 0.03 என்று இரண்டு அளவில் வருகிறது, டிமோலால் 0.25, 0.5 என்று வருகிறது. சீட்டில் எழுதிய அளவுதான் வேண்டும்.

இதைவிட முக்கியமான ஒன்று, பிராண்டு பெயரின் வாலில் ஒட்டியிருக்கும் 'டி' என்ற ஒற்றை எழுத்து. அதற்குப் பெரும்பாலும் டிமோலாலும் சேர்ந்திருக்கிறது என்று பொருள். இரண்டு மருந்து ஒரே குப்பியில் வருவது, இரண்டும் தேவைப்படுகிறவர்களுக்குச் சிக்கனம். ஆனால் என் அம்மாவுக்கு வீசிங் உண்டு. டிமோலால் கண்ணில் விட்டாலும் ரத்தத்தில் கலந்து மூச்சுக்குழாயைச் சுருக்கும், இதயத் துடிப்பைக் குறைக்கும். ஆஸ்துமாக்காரர்களுக்கு அது ஆகாது. அந்த ஒரு எழுத்தைப் பார்க்காமல் குப்பியை வாங்கிவிடாதீர்கள்.

இனி விலை. ஒரு கட்டத்தில் அம்மாவின் குப்பி தீர்வதே இல்லை. தினமும் இரண்டு சொட்டு போனால் மாதத்துக்குள் முடிந்திருக்க வேண்டும்.

"ஏம்மா, மருந்து இன்னும் தீரலையா?"

"இவ்வளவு விலை குடுத்து தினமும் எதுக்கு ஊத்தணும்? வலி ஒண்ணும் இல்லையே, ஒரு நாள் விட்டு ஒரு நாள் போட்டுக்கிறேன்."

எனக்கு நெஞ்சு திக்கென்றது. இந்த நோயின் கொடுமையே வலிக்காததுதான். அழுத்தம் சத்தமில்லாமல் பார்வை நரம்பை அரித்துக்கொண்டே இருக்கும், ஓரப் பார்வை போவது ஆளுக்கே தெரியாது. மருந்தின் விலை அம்மாவை மருந்தை விடவைக்கிறது என்றால், அந்த மருந்து எவ்வளவு உசத்தியாக இருந்தும் பயனில்லை. அடுத்த முறை போனபோது, விலை குறைந்த கம்பெனிக்கு மாறலாமா என்று டாக்டரிடம் வெளிப்படையாகவே கேட்டேன். அவர் துளியும் சங்கடப்படவில்லை. "தாராளமா மாத்திக்கலாம்மா. ஆனா மாத்தின நாலு, ஆறு வாரத்துல ஒரு தடவை வந்து பிரஷர் பாத்துட்டுப் போயிருங்க" என்றார். விலையைப் பற்றிக் கேட்க யாரும் கூச்சப்பட வேண்டியதில்லை.

அந்தப் பிரஷர் பரிசோதனையை நான் விட்டுக்கொடுப்பதே இல்லை. மருந்துச் சரக்கு ஒன்றாக இருந்தாலும் அதோடு சேர்க்கும் பதப்படுத்தியும் மற்ற பொருட்களும் கம்பெனிக்குக் கம்பெனி மாறலாம். பென்சல்கோனியம் குளோரைடு என்ற பதப்படுத்தி சிலருக்கு எரிச்சலும் கண் வறட்சியும் தரும். இதெல்லாம் ஆளைப் பொறுத்தது. பழைய சீட்டில் இருக்கும் அழுத்த எண்ணையும் மாற்றிய பின் வந்த எண்ணையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பாருங்கள். அம்மாவுக்கு இரண்டும் ஏறக்குறைய ஒன்றாகவே இருந்தது. அதன் பிறகு ஒரே கம்பெனியில் நின்றுவிட்டோம். கடையில் கிடைப்பதை மாதம் ஒன்றாக மாற்றிக்கொண்டிருந்தால், எண் ஏறும்போது எதனால் ஏறியது என்று டாக்டருக்கும் தெரியாது.

குப்பி விலையை வைத்து மட்டும் முடிவு செய்யக் கூடாது என்பது கணக்கு எழுத ஆரம்பித்த பிறகுதான் தெளிவாகப் புரிந்தது. திறந்த தேதியை மார்க்கர் பேனாவால் குப்பியிலேயே எழுதிவிடுவேன், தீர்ந்த நாளை தினசரி காலண்டர் தாளில் குறிப்பேன். குப்பி வாயின் அமைப்பைப் பொறுத்து ஒரு சொட்டின் அளவு மாறும். சொட்டு பெரிதாக விழும் குப்பி சீக்கிரம் தீரும். கண்ணுக்குள் தங்குவதோ ஏறக்குறைய 30 மைக்ரோலிட்டர்தான், மிச்சம் கன்னத்தில் வழிந்து வீண். ஒரு பேச்சுக்கு, 300 ரூபாய்க் குப்பி இருபது நாளில் தீர்ந்தால் நாளுக்கு 15 ரூபாய். 400 ரூபாய்க் குப்பி இருபத்தெட்டு நாள் வந்தால் 14 ரூபாய் சொச்சம். மலிவு எது? அதே சமயம், மிச்சம் இருக்கிறதே என்று நாலு வாரத்துக்கு மேல் வைத்திருந்து விடவும் கூடாது. திறந்த குப்பியை எத்தனை நாளில் தூக்கிப் போட வேண்டும் என்று பெட்டியிலேயே போட்டிருப்பார்கள், பெரும்பாலும் நாலு வாரம்.

இன்னொன்று, குப்பியின் பிளாஸ்டிக். இருந்ததிலேயே விலை குறைந்த ஒன்றை வாங்கினபோது குப்பி கெட்டியாக இருந்தது. அம்மாவின் விரல்களில் மூட்டு வீக்கம். இரண்டு கையாலும் அழுத்தினால் ஒன்றுமே வராது, சட்டென்று மூன்று சொட்டு சேர்ந்து விழும். அதனால் கொஞ்சம் விலை கூடுதலான, மெதுவாக அழுத்தினாலே சொட்டும் குப்பிக்கு வந்தோம். அது வீண் செலவு என்று நான் நினைக்கவில்லை. வாங்குவதற்கு முன் போடுகிறவரின் கையையும் பாருங்கள்.

எங்கே வாங்குவது? 2022-ல் வந்த தேசிய அத்தியாவசிய மருந்துப் பட்டியலில் லட்டானோபிராஸ்ட்டும் சேர்ந்தது. அந்தப் பட்டியலில் உள்ள மருந்துக்கு அரசு உச்ச விலை வைக்கும். மத்திய அரசின் மக்கள் மருந்தகம், 2025 பிப்ரவரியில் தமிழ்நாடு முழுக்க ஆயிரம் இடங்களில் திறந்த முதல்வர் மருந்தகம் ஆகியவற்றிலும் விசாரியுங்கள். எல்லாக் கண் மருந்தும் எல்லா நாளும் இருக்காது, போன் போட்டுக் கேட்டுவிட்டுப் போவது நல்லது. மதுரையில் அரவிந்த் கண் மருத்துவமனையின் துணை அமைப்பாக 1992-ல் ஆரம்பித்த ஆரோலேப், கண் லென்ஸிலிருந்து சொட்டு மருந்து வரை குறைந்த விலையில் தயாரிக்கிறது. மலிவு என்றாலே மட்டம் என்று சொல்கிறவர்களுக்கு நான் காட்டுவது அதைத்தான்.

தரம் பற்றிய கவலையை நான் அலட்சியப்படுத்தவில்லை. 2023-ல் சென்னையில் தயாராகி அமெரிக்காவில் விற்ற ஒரு செயற்கைக் கண்ணீர் மருந்து, கடுமையான கிருமித் தொற்றுகளோடு தொடர்புபடுத்தப்பட்டுத் திரும்பப் பெறப்பட்டது. கண்ணில் விடுவது எதுவும் கிருமியில்லாமல் இருந்தாக வேண்டும். ஆகவே சீல் உடையாத குப்பி, தேதி தாண்டாத குப்பி, பில் தரும் கடை. குப்பியின் நுனி இமையிலோ விரலிலோ படக் கூடாது.

குளிர்ச்சியும் தரத்தில் சேர்ந்ததுதான். திறக்காத லட்டானோபிராஸ்ட் குப்பி பொதுவாக 2 முதல் 8 டிகிரிக்குள் இருக்க வேண்டும். அறை வெப்பத்தைத் தாங்கும் வகைகளும் உண்டு, பெட்டியில் பார்த்துக்கொள்ளுங்கள். மே மாத வெயிலில் வெளி அலமாரியில் வைத்திருக்கும் கடையில் அசல் பிராண்டையே வாங்கினாலும் என்ன பயன்? நான் ஃபிரிட்ஜிலிருந்து எடுத்துத் தரும் கடையில்தான் வாங்குகிறேன், ஐஸ் பாக்கெட் போட்ட டப்பாவும் கொண்டுபோகிறேன்.

போடும் விதத்திலும் காசு மிச்சமாகும். கீழ் இமையை இழுத்து ஒரே ஒரு சொட்டு. உடனே கண்ணை மூடி, மூக்கோரக் கண் மூலையை விரலால் இரண்டு நிமிஷம் மெல்ல அழுத்திக்கொள்ள வேண்டும். மருந்து தொண்டைக்கு இறங்காமல் கண்ணிலேயே நிற்கும். இரண்டு மருந்து போடுகிறவர்கள் நடுவில் ஐந்து நிமிஷம் விட வேண்டும், இல்லாவிட்டால் இரண்டாவது சொட்டு முதல் சொட்டைக் கழுவிவிடும்.

மருந்தே வேண்டாமென்று ஆக்கும் வழியும் சிலருக்கு உண்டு. எஸ்.எல்.டி. என்ற லேசர் சிகிச்சையை ஆரம்பத்திலேயே செய்தவர்களில் ஏறக்குறைய நாலில் மூன்று பேர், மூன்று வருஷம் வரை சொட்டு மருந்தில்லாமலே அழுத்தம் கட்டுக்குள் இருந்தார்கள் என்று 2019-ல் வெளியான பிரிட்டன் ஆய்வு சொன்னது. எல்லா வகைக் கிளாக்கோமாவுக்கும் அது பொருந்தாது, பலன் நாளடைவில் குறையவும் கூடும். ஆனாலும் புதிதாக நோய் தெரிந்தவர்கள் முதல் சீட்டு எழுதும்போதே டாக்டரிடம் கேளுங்கள். இது குடும்பத்தில் தொடரும் நோய் என்பதால் நானும் தம்பியும் வருஷா வருஷம் கண் அழுத்தமும் நரம்பும் பார்த்துக்கொள்கிறோம். எங்களில் யாருக்காவது வந்தால் இந்த லேசரைப் பற்றித்தான் முதலில் கேட்கப்போகிறோம்.