ஸ்கேனில் 'பிட்யூட்டரி கட்டி'... எந்தக் கட்டி?

"ராத்திரி ஆறு தடவை எழுந்திருக்கேன் டாக்டர். சொம்பு சொம்பா தண்ணி குடிச்சாலும் தாகம் அடங்கலே" என்றார் அந்த அம்மா. வயது 58. ஓய்வு பெற்ற ஆசிரியை. சர்க்கரை வியாதிதான் என்று தானே முடிவு கட்டி, இரண்டு வாரமாக ஆவாரைக் குடிநீர் குடித்து வந்தார். ஆவாரை மேல் எனக்கும் மரியாதை உண்டு. ஆனால் பரிசோதித்தால் ரத்தத்தில் சர்க்கரையே ஏறவில்லை!

சித்த மருத்துவத்தின் எண்வகைத் தேர்வில் சிறுநீரைப் பார்ப்பதும் ஒன்று. அவருடைய சிறுநீர் நிறமே இல்லாமல் பச்சைத் தண்ணீராக இருந்தது. ஒரு நாள் முழுக்க அளந்து வரச் சொன்னேன். 7 லிட்டர்! 3 லிட்டரைத் தாண்டினாலே காரணம் தேட வேண்டும். உடனே பொது மருத்துவரிடம் அனுப்பினேன். அவர் எம்.ஆர்.ஐ. எடுக்கச் சொன்னார். 'பிட்யூட்டரியில் கட்டி, அடினோமாவாக இருக்கலாம்' என்று ரிப்போர்ட் வந்தது.

"புற்று இல்லாத சாதாரணக் கட்டிதானாமே டாக்டர்" என்று மகள் நிம்மதியாகச் சொன்னார். எனக்குத்தான் உறுத்தியது.

பிட்யூட்டரி என்பது மூளையின் அடியில், குதிரைச் சேணம் போன்ற ஓர் எலும்புக் குழிக்குள் உட்கார்ந்திருக்கும் பட்டாணி அளவுச் சுரப்பி. அதற்கு முன்பாகம், பின்பாகம் என்று இரண்டு உண்டு. சிறுநீரைக் கட்டுப்படுத்தும் வாசோப்ரசின் என்ற ஹார்மோன் பின்பாகத்தில் சேமிக்கப்படுகிறது. அடினோமா முன்பாகத்தில் மெதுவாக வளர்வது. அதனால் ஆபரேஷனுக்கு முன்பே இப்படித் தண்ணீராகப் போவது அடினோமாவில் மிக அபூர்வம். அப்படிப் போனால் வேறு கட்டியோ, அழற்சியோ என்று சந்தேகப்பட வேண்டும். கிரேனியோஃபேரிஞ்சியோமா, ஜெர்மினோமா, பின்பாகத்திலேயே முளைக்கும் பிட்யூசைட்டோமா, வேறு உறுப்பிலிருந்து பரவி வந்த புற்று... எல்லாம் அந்தக் குழிக்குள் அடினோமா போலவே தெரியக்கூடும். படத்தை மட்டும் வைத்துப் பெயர் சூட்டுவது எப்போதும் சரியாகாது.

இன்னொரு ஏமாற்று புரோலாக்டின் ஹார்மோன். புரோலாக்டினைச் சுரக்கும் பெரிய கட்டி என்றால் ரத்தத்தில் அதன் அளவு பெரும்பாலும் 200-க்கு மேல் இருக்கும். அந்தக் கட்டி பலருக்கு மாத்திரையிலேயே சுருங்கிவிடும், கத்தி தேவைப்படாது. ஆனால் வேறு எந்தக் கட்டியும் சுரப்பியின் காம்பை அழுத்தினாலே புரோலாக்டின் ஓரளவு ஏறும். கட்டி பெரிதாக இருந்து அளவு கொஞ்சம்தான் ஏறியிருக்கிறது என்றால், ரத்தத்தை நீர்க்கச் செய்து மறுபடி சோதிப்பார்கள். ஏனென்றால் அளவு மிக மிக அதிகமானால் சில பரிசோதனைகள் குறைத்துக் காட்டிவிடும். தைராய்டு பரிசோதனையும் அவசியம். நாள்பட்ட தைராய்டு குறைவில் பிட்யூட்டரியே வீங்கிக் கட்டி போலத் தெரியும். தைராய்டு மாத்திரையில் அது வடிந்துவிடும். இது தெரியாமல் ஆபரேஷன் வரை போனவர்கள் உண்டு.

மகளிடம், "அம்மாவுக்கு முன்னாடி ஏதாவது ஆபரேஷன் நடந்ததா?" என்று கேட்டேன். அம்மா தலையைக் குனிந்து கொண்டார்.

"ஒன்பது வருஷத்துக்கு முன்னே மார்பிலே ஒரு கட்டி எடுத்தாங்க. அதான் சரியாயிடுச்சேன்னு யார்கிட்டேயும் சொல்லலே..."

பிட்யூட்டரிக்குப் பரவும் புற்றுகளில் மார்பகமும் நுரையீரலும்தான் முன்வரிசை. நம் வீடுகளில் மறைக்கப்படுவதும் இதுவேதான்! 7 லிட்டர் சிறுநீர், பழைய ஆபரேஷன் இரண்டையும் எழுதி நரம்பியல் அறுவை நிபுணருக்குக் கடிதம் கொடுத்தேன். மூக்கு வழியாகச் சதை எடுத்துப் பரிசோதித்தார்கள். மார்பகப் புற்றுதான் அங்கே வந்து உட்கார்ந்திருந்தது.

இதைக் கரைக்கச் சூரணம் இருக்கிறதா என்று உறவினர்கள் கேட்டார்கள். இல்லை என்று ஒளிக்காமல் சொன்னேன். கதிர்வீச்சும் புற்றுநோய் மருந்தும் தொடங்கினார்கள். வாசோப்ரசினுக்குப் பதிலாக டெஸ்மோப்ரசின் கொடுத்தார்கள்.

இப்படித் தாகம் எடுப்பவர்களுக்கு, 'நிறையக் குடிக்கிறதாலேதான் நிறையப் போகுது' என்று வீட்டில் தண்ணீரைக் குறைத்துவிடாதீர்கள். உடம்பு வறண்டு உயிருக்கே ஆபத்தாகும். இரண்டு ஓரத்திலும் பார்வை மறைவது, இமை தொங்குவது, பொருள் இரண்டாகத் தெரிவது, பால் கொடுக்காத மார்பில் பால் கசிவது இவற்றில் எது இருந்தாலும் டாக்டரிடம் முதலிலேயே சொல்லுங்கள். பழைய ஆபரேஷன் சீட்டையும் எடுத்துப் போங்கள்.

அந்த அம்மா இப்போது ராத்திரி ஒரு தடவைதான் எழுந்திருக்கிறாராம். சிகிச்சை தொடர்கிறது.